கார்த்தொழிலைக் காப்பது அரசின் கடமையா?

ஐரோப்பாவின் கார்த்தொழில் நோய்வாய்ப்பட்டிருக்கின்றது என்பது இப்பொழுது எவருக்கும் இரகசியமல்ல. ஜேர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 2030ஆம் ஆண்டிற்குள் 35,000 இற்கும் அதிகமான வேலைகளைக் குறைப்பதென 2024 டிசெம்பரில் தொழிற்சங்கத்துடன் உடன்பாடு கண்டது. பிரசல்ஸ் நகரில் இயங்கிய அவுடித் தொழிற்சாலை 2025 பெப்ரவரி இறுதியுடன் மூடப்பட்டது. ஏறக்குறைய 3,000 தொழிலாளர் வேலையிழந்தனர். 2035ஆம் ஆண்டிற்குப் பின்னர் பெற்றோல், டீசல் கார்களைப் புதிதாக விற்க இயலாதெனச் சட்டம் வகுத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணைக்குழுவே, அச்சட்டத்தைத் தளர்த்தும் முன்மொழிவை 2025 டிசெம்பரில் வெளியிட்டது. “காலத்தை நீட்டித் தாருங்கள், பணம் தாருங்கள், சீனக் கார்களை வரியால் தடுத்து நிறுத்துங்கள்” என்ற குரல்கள் தலைநகரம் தோறும் ஒலிக்கின்றன.

புதுமைக்கு முகங்கொடுக்க மறுத்து, பழைய இலாபத்தில் படுத்துறங்கிய ஒரு தொழில், கண்விழித்தபொழுது அரசின் கதவைத் தட்டுகின்றது. அக்கதவை அரசு திறக்க வேண்டுமா? இக்கேள்விக்கு நோர்வேயில் இருந்து பதில் தேடுவது பொருத்தமானது என நாம் கருதுகின்றோம். கார் செய்யும் பெருநிறுவனம் எதுவும் இல்லாத இந்நாடுதான் உலகில் மின்சாரக் காரின் முதல் தேசமாகியிருக்கின்றது. அத்துடன், தனது மண்ணிலே பிறந்த ஒரு மின்சாரக் கார் நிறுவனம் உதவி கேட்டு வந்தபொழுது அதனைக் கையில் ஏந்த மறுத்ததும் இதே நாடுதான்.

இது எமக்குத் தொலைவான விடயமன்று. புலம்பெயர்ந்த எம்மவரிற் பலர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளிலும் திருத்தகங்களிலும் வாடகைக் கார்களிலும் தமது நாட்களைச் செலவிடுகின்றனர். தொழிற்சாலை ஒன்று ஆட்குறைப்புச் செய்யும்பொழுது, கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற்றப்படுவது பல நாடுகளில் வழக்கம். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் அகதியாக வந்தவராகவே இருப்பார். ஆகவே, வரி செலுத்துவோர் என்ற வகையிலும் தொழிலாளர் என்ற வகையிலும் இவ்விவாதத்தில் எமக்கு இரட்டைப் பங்கு உண்டு.

மொறிஸ் மைனர் சொல்லும் கதை

எமது தந்தையர் காலத்து யாழ்ப்பாணத்தில் கார் என்றால் மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் ஏ40 என்பவையே. கலியாண வீட்டிற்கு மாப்பிள்ளையை ஏற்றி வந்ததும், பிரசவ வேதனையில் துடித்த தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும் அவையே. அக்கார்களைச் செய்த நிறுவனத்திற்கு நேர்ந்த கதி எம்மவரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒக்ஸ்போர்ட் நகருக்கு அருகிலிருந்த கௌலியில் மொறிஸ் கார்களும், பேர்மிங்காம் நகரின் லோங்பிறிட்ஜில் ஒஸ்ரின் கார்களும் உருவாகின. 1952இல் இரண்டும் இணைந்தன. 1968இல் வேறு நிறுவனங்களும் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரும் பூதம் பிறந்தது. ஒன்றோடொன்று போட்டியிடும் பழைய மாதிரிகள், சிதறிக் கிடந்த தொழிற்சாலைகள், ஓயாத வேலைநிறுத்தங்கள், தொழிலாளரின் பேச்சைக் காதிற் போடாத நிர்வாகம் ஆகிய எல்லாம் ஒருங்கே அமைந்த நிறுவனம் அது. யப்பானியக் கார்கள் கதவருகே வந்து நின்றபொழுதும் அது விழித்துக்கொள்ளவில்லை. 1975இல் பிரித்தானிய அரசு அதனைத் தேசியமயமாக்கி, மக்களின் வரிப்பணத்தை ஆண்டுக்காண்டு அள்ளிச் சொரிந்தது.

முடிவு என்ன? 1988இல் அது பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 1994இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. வாங்கியது, 2000ஆம் ஆண்டில் றோவர் என்ற பெயரில் எஞ்சியிருந்த பகுதி வெறும் பத்துப் பவுணுக்குக் கைமாறியது. 2005 ஏப்பிரலில் லோங்பிறிட்ஜ் வாயில்கள் மூடப்பட்டபொழுது ஏறக்குறைய 6,000 பேர் வேலையிழந்தனர். முப்பது ஆண்டுகள் அங்கே குடும்பங்களின் அடுப்பு எரிந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த முப்பது ஆண்டுகளுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால், அரசு பெருவிலை கொடுத்து வாங்கிய அக்காலத்தை நிறுவனம் என்ன செய்தது என்பதே கேள்வி. மாறுவதற்கென வாங்கிய காலம் மாறாமல் இருப்பதற்கே செலவானது.

அதே மொறிஸ் ஒக்ஸ்போர்ட் இந்தியாவிற்குச் சென்று அம்பாசிடர் என்று பெயர் சூடிக்கொண்டது. கல்கத்தாவிற்கு அருகே உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 மே மாதம்வரை நீடித்தது. அங்கே அரசு நேரடியாகப் பணம் கொட்டவில்லை. அனுமதிப்பத்திர முறையாலும் இறக்குமதித் தடையாலும் ஒரு மதிலை எழுப்பிக் கொடுத்தது. போதாதற்குத் தானே பெரும் வாடிக்கையாளனாகவும் நின்றது. அமைச்சர் முதல் ஆட்சியர் வரை அம்பாசிடரிலேயே பயணித்தனர். காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மக்கள் வாயிலில் நிற்கும்பொழுது, காரைத் திருத்தியமைக்க எவன் முன்வருவான்? அரை நூற்றாண்டுக்கு மேலாக அதன் உருவம் பெரிதும் மாறவில்லை. 1983 டிசெம்பரில், அரசும் யப்பானின் சுசுகி நிறுவனமும் கூட்டாக உருவாக்கிய மாருதி வீதிக்கு வந்தது. அன்றிலிருந்து அம்பாசிடரின் நாட்கள் எண்ணப்படலாயின. மதில் பாதுகாப்புத் தரும் என்பது உண்மை. உள்ளிருப்பவனின் கால்களை அது சூம்ப வைத்துவிடும் என்பதும் உண்மை.

நிபந்தனையுள்ள கைகொடுப்பு

அப்படியாயின் அரசின் உதவி எல்லாமே வீண்தானா? அல்ல. 1979இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் சாவின் விளிம்பில் நின்றது. எரிபொருள் விலை ஏறிய காலத்திலும் பெரிய, பெற்றோல் குடிக்கும் கார்களையே செய்துகொண்டிருந்ததன் பலன் அது. அமெரிக்கக் காங்கிரஸ் 150 கோடி டொலருக்குக் கடன் உத்தரவாதம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் அப்பணம் சும்மா கொடுபடவில்லை. தொழிலாளர் ஊதியத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும், வங்கிகள் தமது கடனில் விட்டுக்கொடுக்க வேண்டும், நிறுவனம் தனது திட்டத்தை அரசு சபையொன்றின் முன் வைக்க வேண்டும் என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் நிர்வாக சபையில் அமர்த்தப்பட்டார். சிறிய, சிக்கனமான புதிய கார்கள் வெளிவந்தன. உத்தரவாதம் பெற்ற கடனை 1983இலேயே, தவணைக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாக, நிறுவனம் தீர்த்தது. அரசு தன் பங்குரிமைகளை விற்று முப்பது கோடி டொலருக்கு மேல் இலாபமும் பெற்றது.

இதனை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வோர் அதன் அடுத்த அத்தியாயத்தைச் சொல்வதில்லை. 2008 நவம்பரில் ஜெனரல் மோட்டர்ஸ், போர்ட், கிறைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்களின் தலைவர்களும் தத்தமது சொந்த விமானங்களில் வாஷிங்டன் வந்திறங்கி உதவி கேட்டனர். விமானத்தில் வந்த யாசகர் என்று நாடே நகைத்தபின், அடுத்த தடவை காரில் வந்தனர். 1996இல் ஈ.வி.1 என்ற மின்சாரக் காரை உருவாக்கி வாடகைக்கு விட்டு, பின்னர் அவற்றைத் திரும்பப் பெற்று நசுக்கி அழித்த நிறுவனந்தான் ஜெனரல் மோட்டர்ஸ் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். எதிர்காலத்தைத் தன் கையாலேயே நசுக்கிய நிறுவனத்தை 2009இல் மக்களின் பணம் மீட்டது. அரசு தன் கடைசிப் பங்கை 2013 டிசெம்பரில் விற்றபொழுது ஏறக்குறைய ஆயிரம் கோடி டொலர் நட்டம். அந்த நட்டத்திற்குப் பதிலாகப் பெருந்தொகையான வேலைகள் பிழைத்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

அயல்நாடான சுவீடன் வேறு வழி சென்றது. 2009இல் ஜெனரல் மோட்டர்ஸ் கைவிட்ட சாப் நிறுவனத்தைப் பொறுப்பேற்க ஸ்ரொக்கோம் மறுத்தது. கார்த்தொழிற்சாலைக்கு உரிமையாளராவது அரசின் வேலையன்று என்பது அதன் நிலைப்பாடு. ஆனால் கைகட்டி நிற்கவும் இல்லை. கடன் உத்தரவாதம், அவசரக் கடன், ஆராய்ச்சி ஆகியவற்றிற்கென 2,800 கோடிக் குரோணரை 2008 டிசெம்பரிலேயே ஒதுக்கியிருந்தது. சாப் 2011 டிசெம்பரில் வங்குரோத்தானது. 3,000 இற்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். வொல்வோவோ 2010இல் சீனாவின் ஜீலி நிறுவனத்தின் கைக்குச் சென்று, கோதன்பேர்க்கில் தொடர்ந்து உயிர்வாழ்கின்றது.

ஒஸ்லோவிற் பிறந்து மறைந்த கார்

இனி நோர்வேக்கு வருவோம். 1991இல் ஒஸ்லோவில் பிவ்கோ என்ற சிறு நிறுவனம் தோன்றியது. பிளாஸ்ரிக் உடலும் மின்கல இயக்கமும் கொண்ட ஒரு நகரக் காரைச் செய்வதே அதன் கனவு. 1994இல் லில்லஹாமரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளின்போது அதன் பரிசோதனைக் கார்கள் ஓடிக்காட்டின. ஆனால் 1998இல் பணம் தீர்ந்தது. 1999இல் அமெரிக்காவின் போர்ட் நிறுவனம் அதனை வாங்கி, திங்க் என்று பெயரிட்டு, ஒஸ்லோவிற்குக் கிழக்கேயுள்ள ஔர்ஸ்கூக்கில் உற்பத்தியைத் தொடங்கியது.

போர்ட் ஏன் வாங்கியது? புகை கக்காத கார்களையும் விற்றாக வேண்டுமெனக் கலிபோர்னியா மாநிலம் 1990இல் விதித்த விதியே காரணம். பெரிய நிறுவனங்கள் அவ்விதியை எதிர்த்து வழக்காடி, அது தளர்ந்ததும், போர்ட்டின் ஆர்வமும் தளர்ந்தது. சுமார் 1,000 கார்கள் வெளிவந்த நிலையில் 2002இல் அது கைகழுவியது. அமெரிக்காவில் ஓடிய திங்க் கார்கள் நசுக்கப்படும் அபாயம் எழுந்தபொழுது, சூழல் அமைப்புகள் குரல் எழுப்பின; அக்கார்களை வாங்கி ஓட்ட நோர்வேயில் ஆட்கள் காத்திருந்தனர். இறுதியில் நூற்றுக்கணக்கான கார்கள் கப்பலேறித் தாம் பிறந்த நாட்டிற்கே திரும்பின. அமெரிக்காவில் வேண்டாப் பொருளானது இங்கே விரும்பப்பட்ட பொருளானது. இதற்கான காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

2006இல் திங்க் மீண்டும் வங்குரோத்தாகி, புதிய முதலாளிகளின் கையில் எழுந்தது. 2008 இறுதியில், உலக நிதி நெருக்கடியில் அகப்பட்டு உற்பத்தியை நிறுத்தியபொழுது, அது நோர்வே அரசின் கதவைத் தட்டியது. எண்ணெய்ச் செல்வத்தில் உலகமே வியக்கும் நிதியத்தை வைத்திருந்த அரசு, உரிமையாளராக உள்ளே வர மறுத்தது. 2009இல் அரசின் முதலீட்டு நிறுவனமான இன்வெஸ்ரினோர் வேறு முதலீட்டாளருடன் சேர்ந்து பணமிட்டது உண்மை. ஆயினும் உற்பத்தி ஔர்ஸ்கூக்கை விட்டுப் பின்லாந்துக்குப் போய்விட்டது. 2011 யூனில் திங்க் இறுதியாக வீழ்ந்தது. ஒஸ்லோவின் ஓக்கர்னில், எம்மவர் பெருமளவில் வாழும் குறூருட் பள்ளத்தாக்கின் வாயிலிலேயே, படி என்ற குட்டி மின்சாரக் காரைச் செய்த நிறுவனமும் அதே ஆண்டில் வங்குரோத்தானது.

இங்கே ஒரு கசப்பான முரண் உண்டு. புதுமையை எதிர்த்த பெருநிறுவனங்களை அமெரிக்க அரசு மீட்டது. புதுமையைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு சிறு நிறுவனத்தை நோர்வே அரசு மீட்கவில்லை. திங்க் வீழ்ந்த அடுத்த சில ஆண்டுகளிலேயே இந்நாட்டு வீதிகள் மின்சாரக் கார்களால் நிரம்பின. 2024இல் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 மின்சாரக் கார்கள்; 2025இல் அது 95ஐத் தாண்டியது. அவற்றில் ஒன்றுகூட நோர்வேயிற் செய்யப்பட்டதன்று. இன்னும் சில ஆண்டுகள் தாங்கியிருந்தால் திங்க் இன்று ஒரு நோர்வேஜிய வொல்வோவாக வளர்ந்திருக்குமோ என்று ஔர்ஸ்கூக்கின் பழைய தொழிலாளி ஒருவர் கேட்டால், அவரைக் குறைகூற எமக்கு மனம் வராது.

ஆயினும் எமது தீர்ப்பு வேறு. நோர்வே அரசு தொழிற்சாலையைக் காப்பாற்றவில்லை, சந்தையை மாற்றியது. 1990இல் மின்சாரக் கார்களுக்கான கொள்வனவு வரியைத் தற்காலிகமாக நீக்கியது. 1997இல் வீதிக் கட்டணத்திலிருந்து விலக்கு, 2001இல் பெறுமதிசேர் வரியிலிருந்து விலக்கு, 2000களின் நடுப்பகுதியில் பேருந்து ஒழுங்கையிற் செல்ல அனுமதி என்று சலுகைகள் அடுக்கடுக்காக வந்தன. பெற்றோல் காருக்கோ வரி மேல் வரி. அமெரிக்காவில் நசுக்கப்படவிருந்த கார் இங்கே விரும்பப்பட்டதன் காரணம் இதுவே. 2025ஆம் ஆண்டில் விற்பனையாகும் புதிய கார்கள் யாவும் புகை கக்காதவையாக இருக்கவேண்டுமென 2017இல் நாடாளுமன்றம் இலக்கு வைத்தது. எந்த நிறுவனத்தின் பெயரையும் அரசு உச்சரிக்கவில்லை. “இப்படிப்பட்ட காரை எவர் கொண்டுவந்தாலும் இங்கே வாங்குவோர் உண்டு” என்று மட்டும் உலகிற்கு அறிவித்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்த வாக்கை அரசுகள் மாறியும் பெருமளவிற் காத்தது.

மாற்றுக் கருத்துகள்

எண்ணெய் விற்று ஈட்டிய பணத்தில் வரிவிலக்குக் கொடுப்பது யாருக்கும் இயலும் என்று நண்பர்கள் சொல்வர். நியாயமான வாதம். வடகடலில் எண்ணெய் எடுத்து உலகெங்கும் விற்கும் நாடு, தன் வீட்டு வாசலில் மட்டும் புகையை ஒழிப்பதிற் பெருமை கொள்வது முழு நேர்மையன்று. இச்சலுகைகளால் முதலில் நன்மை பெற்றோர் விலையுயர்ந்த கார்களை வாங்கக்கூடிய வசதிபடைத்தோரே என்பதும் உண்மை. அவர்களின் மின்சாரக் கார்கள் பேருந்து ஒழுங்கையை அடைத்து நின்றபொழுது, அதிகாலைத் துப்புரவு வேலை முடித்துப் பேருந்தில் வீடு திரும்பிய எம் பெண்கள் காத்துக் கிடந்தனர். 2023 முதல் ஐந்து இலட்சம் குரோணருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்குப் பெறுமதிசேர் வரி விதிக்கப்பட்டது இவ்வநீதியைச் சற்றே திருத்தியது.

கார்த்தொழில் இல்லாத நாட்டிற்கு இது இலகு என்பது இரண்டாவது வாதம். இதுவும் சரியே. நாடாளுமன்ற வாயிலில் நின்று தடுப்பதற்கு இங்கே கார் முதலாளி எவரும் இல்லை. வூல்ஸ்பேர்க்கிலோ துரினிலோ இதனைச் செய்வது பன்மடங்கு கடினம். ஆனால், கடினம் என்பது வேறு, தவறு என்பது வேறு. தன் வாயிலில் நிற்பவரின் குரலை மட்டும் கேட்கும் அரசு, இன்னும் பிறக்காத தொழிலின் குரலை ஒருபொழுதும் கேளாது.

அரசு தவறான வழிகாட்டினால் என்ன செய்வது என்பது மூன்றாவது, மிகவும் கனமான வாதம். நோர்வேயிலேயே அது நிகழ்ந்தது. 2007இல் கொள்வனவு வரி கரியமில வாயுவின் அளவோடு பிணைக்கப்பட்டபொழுது டீசல் கார்கள் மலிவாகின. மக்கள் அவற்றையே வாங்கிக் குவித்தனர். டீசலின் நச்சுக் காற்று ஒஸ்லோவின் குளிர்காலப் பள்ளத்தில் தேங்கியது. 2017 ஜனவரியில் ஒருநாள் டீசல் கார்களை வீதிக்கு வரவேண்டாமென மாநகரசபையே தடுக்க நேர்ந்தது. அரசு சொன்னதை நம்பி டீசல் கார் வாங்கிய எளிய குடும்பங்கள் ஏமாற்றத்திற்கு உள்ளாயின. அதற்கு முன்பே, 2015இல், வோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களின் புகை அளவைப் பொய்யாகக் காட்டும் பொறியைப் பொருத்தியிருந்தது அம்பலமாகியிருந்தது. அரசும் தவறும், நிறுவனமும் பொய் சொல்லும். ஆகவேதான் உதவி எதுவாயினும் அது திருத்தத்திற்கும் கணக்காய்வுக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும் என்கின்றோம்.

காக்க வேண்டியது எது?

1990இன் பின்னர் யாழ்ப்பாணத்தின்மீது பொருளாதாரத் தடை விழுந்து பெற்றோல் இல்லாதொழிந்த காலத்தில் நாம் சிறுவர்கள். அப்பொழுது எமது ஊர்த் திருத்தகக்காரர்கள் ஓரிரு துளி பெற்றோலில் இயந்திரத்தை உசுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரை ஓட வைத்தனர். வெண்புகையில் கண் எரிந்தது, இயந்திரமும் தேய்ந்தது. அதனை நாம் புகழ்ந்து பாடவில்லை. தடையும் பட்டினியும் எவருக்கும் பாடசாலையாக அமையக் கூடாது. ஆயினும் அக்காலம் ஓர் உண்மையைக் காட்டியது. அந்தக் காரைச் செய்த நிறுவனம் பெயரளவில்கூட மறைந்துகொண்டிருந்த நாட்களில், அதனை ஓட வைத்தது எண்ணெய் படிந்த கைகளின் அறிவு. நிறுவனம் அழியலாம், அவ்வறிவு அழிந்தால் மீட்பது கடினம்.

ஆகவே, அரசு முதலிற் காக்க வேண்டியது தொழிலாளியையும் அவனது திறமையையுமே. நோர்வேயில் வேலையிழந்தவர் தமது முன்னைய வருமானத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 62 பங்கை, ஓர் உச்ச வரம்பிற்கு உட்பட்டு, 104 வாரங்கள்வரை பெற இயலும். நிறுவனம் வங்குரோத்தானால் கொடுபடாத சம்பளத்தை அரசு உத்தரவாதம் செய்கின்றது. இத்தகைய அடித்தளம் இருப்பதனாலேயே ‘தொழிற்சாலை மூடப்படட்டும்’ என்று சொல்லும் துணிவு இந்நாட்டு அரசுக்கு வருகின்றது. இவை இல்லாத நாட்டில் ஒரு தொழிற்சாலையை மூடவிடுவது ஓர் ஊரையே பட்டினி போடுவதாகும். அங்கே மீட்புக்கு எதிராகப் பேசுவோர் முதலில் இந்த அடித்தளத்திற்காகக் குரல் கொடுக்கட்டும்.

இவ்வடித்தளத்திலும் எம் போன்றோருக்கு ஓட்டைகள் உண்டு. சுவீடனின் வடக்கே மின்கலம் செய்த நோர்த்வோல்ட் நிறுவனம் 2025 மார்ச்சில் வங்குரோத்தானபொழுது, பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் இரட்டை இடிக்கு ஆளாயினர். வேலை அனுமதியில் வந்தவர், அப்போதைய விதிப்படி, மூன்று மாதங்களுக்குள் வேறு வேலை தேடாவிடின் நாட்டில் வாழும் உரிமையையே இழக்க நேரிடும். உள்நாட்டவருக்கு வேலையிழப்பாக அமைவது வந்தேறியவருக்கு வீடிழப்பாகவும் நாடிழப்பாகவும் அமைகின்றது. ஒருமுறை நாடிழந்த எமக்கு இதன் பாரத்தை எவரும் விளக்கிக் கூறத் தேவையில்லை. தொழிற்சாலைகளை மீட்கப் பெருந்தொகைகளைப் பற்றிப் பேசும் அரசுகள், இவ்விதியை நீட்டுவதற்கு ஒரு சதமும் செலவிட வேண்டியதில்லை.

நிறுவனம் வீழ்ந்தாலும் திறமையைக் காக்க இயலும் என்பதற்கு நோர்வேயிலேயே பழைய சான்று உண்டு. 1987இல் அரசுக்குச் சொந்தமான கொங்ஸ்பேர்க் ஆயுதத் தொழிற்சாலை கடனில் மூழ்கியது. அதனை அப்படியே தூக்கி நிறுத்தாமல், பிரித்துத் தனித்தனி நிறுவனங்களாக்கினர். பாதுகாப்புத் துறை தனியே நின்று இன்று பெரு நிறுவனமாக வளர்ந்திருக்கின்றது. கார் உதிரிப்பாகத் துறையும் தனியாகிப் பல நாடுகளுக்கு விரிந்தது. பழைய பெயர்ப்பலகை இறங்கியது. அந்த ஊரின் கைகளில் இருந்த தொழில்நுட்ப அறிவு நிலைத்தது.

எமது நிலைப்பாட்டைச் சுருங்கக் கூறுவோம். நலிந்த கார் நிறுவனத்திற்கு அரசு உதவுவது பாவமன்று. நிபந்தனையின்றி உதவுவதே பாவம். உதவி கடனாக அல்லது பங்காக இருக்கட்டும், தானமாக இருக்கக் கூடாது. எந்த ஆண்டில் எந்தப் புதிய கார் வெளிவரும் என்ற வாக்கைப் பகிரங்கமாகப் பெறவேண்டும். வாக்குத் தவறினால் பணம் நிற்க வேண்டும். பங்குதாரருக்கு இலாபம் பிரிப்பதும் முகாமையாளருக்குப் பெருஞ்சன்மானம் அளிப்பதும் கடன் தீரும்வரை நிறுத்தப்பட வேண்டும். தொழிலாளரின் பிரதிநிதி, கணக்கேட்டைப் பார்க்கும் உரிமையுடன், மேசையில் அமர வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, உதவி பெறுபவர் விதியைத் தளர்த்துமாறு கேட்கும் உரிமையை இழக்க வேண்டும். ஒரு கையால் மக்களின் பணத்தை வாங்கிக்கொண்டு, மறுகையால் மக்களின் காற்றைக் காக்கும் சட்டத்தைக் கிழிப்பதற்கு எவருக்கும் இடமளித்தல் ஆகாது.

இந்த அளவுகோலால் நோக்கினால், பிரசல்ஸ் இன்று செல்ல விழையும் வழி எமக்கு அச்சமூட்டுகின்றது. ஆணைக்குழு முன்வைத்த தளர்வு, தொழிலாளிக்கு வேலையை உறுதிசெய்யவில்லை. முதலாளியிடம் வாக்கெதனையும் பெறவில்லை. காலத்தை மட்டுமே கொடுக்கின்றது. காலத்தை மட்டும் பெற்ற நிறுவனம் என்ன செய்யும் என்பதற்கு லோங்பிறிட்ஜும் உத்தரபாராவும் சாட்சி. ஐரோப்பிய நாடுகளில் வாக்குரிமை பெற்றுவிட்ட எம்மவர், தமது தொழிற்சங்கக் கூட்டத்திலும் தேர்தற் காலத்தில் வாயிலுக்கு வரும் வேட்பாளரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் தொழிற்சாலையிற் கடைசியாகச் சேர்ந்தவனுக்கு என்ன இருக்கின்றது?” அதற்கு நேரான பதில் கிடைக்கும்வரை அப்பணத்திற்கு எமது சம்மதத்தைக் கொடாதிருப்போம்.